பூட்டின வீடும் கடைசிப் படகும்

கொழும்பில் அறை வாடகை கூடும்போதெல்லாம் எங்கட வட்டத்தில் ஒரு கதை தலைதூக்கும். "பேசாம ஊரில போய் இருந்திடலாம் மச்சான். வேலை ஒன்லைனில தானே, அங்க வீடு சும்மா கிடக்குது." சொல்லுற ஆள் பெரும்பாலும் வெள்ளவத்தையில், நாலு பேர் பங்குபோட்ட ஒரு அனெக்ஸில் இருந்துதான் சொல்லுவார். அவருடைய ஊர் வேலணையோ புங்குடுதீவோ என்றால் கதை இன்னும் நீளும். கடல், பனை, பெரிய வளவு, கிணறு. செலவு என்ன பெரிய செலவு?

நான் இதைப் பகிடியாக எடுக்கவில்லை. நானும் தீவுப் பிள்ளைதான், நானும் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறன். ஆனால் அந்தக் கணக்கில் 'சும்மா கிடக்குது' என்கிற இரண்டு சொல்லும் எனக்குச் சரியாகப் படவில்லை.

முதலில் எந்தத் தீவு என்று கேட்க வேண்டும். யாழ்ப்பாணத்துக்கு வெளியே இருப்பவர்கள் தீவகம் என்றால் எல்லாம் ஒன்று என்று நினைக்கினம். பண்ணைப் பாலத்தால் ஏறினால் வேலணை. அதே தீவின் மறுமுனையில் ஊர்காவற்றுறை. வேலணையிலிருந்து இன்னொரு பாலத்தால் புங்குடுதீவு, அதன் கடைசியில் குறிகட்டுவான் இறங்குதுறை. அதுவரைக்கும் பஸ் போகும், யாழ் நகரிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீற்றர். அதற்குப் பிறகு நயினாதீவுக்குக் கால்மணி, இருபது நிமிடப் படகு. நெடுந்தீவுக்கு ஒரு மணித்தியாலம், சோளகக் காற்று அடிக்கிற மாதங்களில் கடல் விட்டால்தான் அதுவும். பாலத்தீவு வேறு, படகுத்தீவு வேறு. காணி விலையில் இந்த வித்தியாசம் தெரியும். பேச்சில்தான் தெரியாது.

வேலணையில் இருந்தால் மோட்டார் சைக்கிளில் அரை மணித்தியாலத்தில் யாழ்ப்பாணம். வத்தளையில் இருந்து காலை நெரிசலில் கோட்டைக்கு வாறவனைக் கேட்டுப் பாருங்கோ, அவன் இதற்குக் கையெடுத்துக் கும்பிடுவான். நெடுந்தீவில் வாழ்க்கையை நடத்துவது படகு நேரம். பிற்பகல் படகு போய்விட்டால் அடுத்த நாள் காலைதான். அங்கு பிரதேச வைத்தியசாலை இருக்கிறது. ஆனால் சத்திரசிகிச்சை என்றால் கடல் கடக்க வேண்டும், இரவில் கடற்படையின் படகுதான் துணை. 1985 மே 15 அன்று நெடுந்தீவிலிருந்து வந்த குமுதினிப் படகில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அதே குமுதினியில்தான் அந்த ஊர்ச் சனம் அதற்குப் பிறகும் பல வருடங்கள் ஏறிப் போனது, ஏனென்றால் ஏறுவதற்கு வேறு இருக்கவில்லை. 'அமைதியான தீவு வாழ்க்கை' என்று வீடியோ போடுற ஆக்கள் படகைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னால் நல்லது.

செலவுக் கணக்கிலும் கடல் இருக்கிறது. கல்லு, சீமெந்து, காஸ் சிலிண்டர், கோழித்தீன் என்று எல்லாம் ஏற்றுக்கூலி கட்டித்தான் படகுத்தீவுக்கு வரும். 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவில் இருந்து ஒரே இரவில் 340 ரூபாவாக ஏறினபோது கொழும்பில் இருந்த எங்களுக்கு அது செய்தி. சின்ன வள்ளத்தின் இயந்திரம் ஓடுவதே மண்ணெண்ணெயில் என்றிருந்த வீடுகளுக்கு அன்று அடுப்பும் தொழிலும் சேர்ந்து நின்றன.

மின்சாரமும் அப்படித்தான். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றும் தேசிய மின்வலையில் இல்லை, டீசல் ஜெனரேற்றரில் ஓடுகின்றன. மூன்று தீவுக்கும் காற்று, சூரிய மின்சாரத் திட்டம் 2021 ஜனவரியில் ஒரு சீன நிறுவனத்துக்குக் கொடுக்கப்பட்டது. இந்தியா எதிர்த்தது, திட்டம் நின்றது. பிறகு இந்திய நன்கொடையில் 2024 மார்ச்சில் புதிதாக ஒப்பந்தம் கையெழுத்தானது. 1,700 கிலோவாற் சூரியக் கலம், 530 கிலோவாற் காற்றாலை. ஒரு சின்ன நகரத்தின் ஒரு தெருவுக்குப் போதுமான மின்சாரத்துக்கு இரண்டு வல்லரசுகள் மூன்று வருடம் இழுபட்டன. உங்கள் வேலை லப்டொப்பில் என்றால் இதையும் கணக்கில் எழுத வேண்டும்.

தண்ணீரைப் பற்றி ஒன்று மட்டும். தீவுகளின் அடியில் சுண்ணக்கல். மழைநீர் உவர்நீருக்கு மேலே மெல்லிய படையாகத் தேங்கி நிற்கும். மோட்டார் போட்டு அளவுக்கு மேல் இறைத்தால் கீழே இருக்கிற உப்பு மேலே வரும். நல்ல தண்ணிக்குப் பெயர்போனது வேலணைச் சாட்டி. மற்ற இடங்களுக்கு அங்கிருந்து பவுசரில் தண்ணீர் போயிருக்கிறது. வளவு பார்க்கப் போகிறவர் உறுதியைப் படிக்க முதல் கிணற்றுத் தண்ணியில் ஒரு வாய் குடித்துப் பார்ப்பது நல்லது.

இவ்வளவும் சொன்ன பிறகும் என் முடிவு 'போகாதீர்கள்' என்பதல்ல. பாலத்தீவு ஒன்றில், கையில் ஒரு வேலையோடு, மோட்டார் சைக்கிள் ஒன்றோடு இருக்கிற 28 வயது ஆளுக்கு வெள்ளவத்தையைவிட வேலணை மேல் என்றுதான் நான் நினைக்கிறன். கடற்றொழிலை நம்பிப் போகிறவருக்கு அப்படிச் சொல்ல மாட்டேன். ஒரு பக்கம் இந்திய இழுவைப் படகுகள், இன்னொரு பக்கம் கடலட்டைப் பண்ணைகளுக்கு எல்லை அடித்த கரைகள் என்று அங்கே இருக்கிறவர்களுக்கே இடம் நெருக்குது.

பிரச்சினை என்னவென்றால், போவோம் என்று முடிவெடுத்த ஆளுக்கும் வீடு கிடைக்காது. எங்கட ஊரில் காணி மலிவு என்று எல்லாருக்கும் தெரியும், விற்கிற ஆள் யார் என்று ஒருவருக்கும் தெரியாது.

தீவாரின் வெளியேற்றம் போரோடு தொடங்கினதில்லை. ஊர்காவற்றுறைத் துறைமுகத்தில் கப்பல் கட்டி நின்ற காலத்திலேயே தீவாருக்கு வெளியூர் பழக்கம். புங்குடுதீவார், காரைநகரார், வேலணையார் கொழும்பிலும் தெற்கு நகரங்களிலும் கடை போட்டு, காசை ஊருக்கு அனுப்பிக் கல்வீடு கட்டினார்கள். கட்டினவர் வருடத்தில் சில வாரம்தான் அதில் இருந்தார். 1990-91 இல் இராணுவம் தீவுகளைப் பிடித்தபோது ஊர்களே எழும்பிப் போயின. பிறகு கனடா, பிரான்ஸ், சுவிஸ். அந்தக் கல்வீடுகளின் கூரையை ஆலும் அரசும் பிளக்கத் தொடங்கி முப்பது வருடத்துக்கு மேல்.

இப்போது அந்த வீட்டின் உரிமை யாரிடம்? சீதனமாக எழுதினது பாதி, எழுதாமல் விட்டது பாதி. பெற்றோர் இறந்த பிறகு பங்கு பிரிக்காத காணி, நாலு சகோதரம் நாலு நாட்டில். தேசவழமைப்படி பங்காளிக்கும் உரித்தாளிக்கும் முதலில் வாங்கும் உரிமை உண்டு, அவர்களுக்கு அறிவிக்காமல் பிறருக்கு விற்றால் வழக்கு வரும். திருமணமான பெண் தன் பெயரில் உள்ள காணியைக் கைமாற்றக் கணவனின் எழுத்துச் சம்மதம் வேண்டும் என்ற விதியும் அதில் இன்னும் உயிரோடு இருக்கிறது. (அதைப் பற்றி எழுதத் தொடங்கினால் இந்தக் கட்டுரை வேறு பக்கம் போய்விடும்.)

விற்க வேண்டாம், குத்தகைக்குத் தாருங்கோ என்று கேட்டால் வருகிற மறுமொழி எல்லா இடமும் ஒன்றுதான். "குடியிருத்தினா பிறகு எழும்ப மாட்டினம்." இந்தப் பயத்தை நான் குறைசொல்ல மாட்டன். வழக்கென்று போனால் வருடக்கணக்கு இழுபடும், ரொறன்ரோவில் இருந்துகொண்டு அதை நடத்த ஏலாது. ஆனால் பயம் பிழையான இடத்தில் நிற்கிறது. ஆட்சியுரிமைச் சட்டம் சொல்வது, பத்து வருடம் தடையில்லாமல், உரிமையாளருக்கு எதிராக ஒருவர் காணியை ஆண்டால்தான் அவர் உரிமை கோரலாம் என்று. எழுத்தில் ஒப்பந்தம் செய்து மாதாமாதம் வாடகை கட்டுகிறவர் ஒவ்வொரு பற்றுச்சீட்டிலும் "இது உங்கட வீடு" என்று ஒப்புக்கொண்டுதான் இருக்கிறார். காணி பறிபோகும் ஆபத்து அவரிடத்தில் மிகக் குறைவு. வேலியை மெல்ல நகர்த்துகிற பக்கத்து வளவுக்காரரிடம்தான் அது கூட. போரால் காணிக்குப் போக முடியாதவர்களுக்காக 2016 இல் வந்த 5 ஆம் இலக்கச் சட்டம் 1983 மே 1 தொடக்கம் 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கில் சேர்க்காமல் விட வழி செய்தது. அதற்குப் பிறகு ஓடின வருடங்களை அது தடுக்காது. அந்த வருடங்கள் எப்பவோ பத்தைத் தாண்டிவிட்டன.

ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட வேண்டும். வெளிநாட்டில் இருக்கிறவர் ஊரில் நம்பிக்கையான ஒருவருக்கு அற்றோணித்தத்துவம் கொடுத்தால் அவர் கையெழுத்து வைக்கலாம். இதற்குப் பெரிய காசு தேவையில்லை. மனம்தான் தேவை.

அயர்லாந்து 2023 இல் தன் தீவுகளுக்கு ஒரு கொள்கை கொண்டுவந்தது. "தீவுக்குக் குடிபோனால் 84,000 யூரோ இலவசம்" என்று உலகமெல்லாம் செய்தி பரவியது. அது பிழை. அந்தக் காசு பாலமில்லாத தீவுகளில் பாழடைந்து கிடக்கிற வீட்டைத் திருத்தி, அதில் குடியிருப்பவருக்கோ வாடகைக்கு விடுபவருக்கோ கொடுக்கிற மானியம். 84,000 அதன் ஆகக்கூடிய தொகை. ஆளை இழுக்க முதல் வீட்டை எழுப்பப் பார்த்திருக்கிறார்கள். எங்கட அரசாங்கத்திடம் அவ்வளவு காசு இல்லை. ஆனால் புலம்பெயர் ஊர்ச்சங்கங்களிடம் காசு இல்லை என்று ஒருவரும் சொல்ல ஏலாது. ஒவ்வொரு திருவிழாவுக்கும் தீவகக் கோயில்களின் கோபுரமும் மண்டபமும் வளருது. கும்பாபிஷேகத்துக்கு வந்து நிற்கிற சனம் பத்தாம் நாள் பறந்துவிடும். அதே சங்கம் ஊரில் பத்து வீட்டின் கூரையைத் திருத்தி, ஐந்து வருடக் குத்தகைக்கு ஆசிரியருக்கும் தாதிக்கும் புதுக் குடும்பத்துக்கும் கொடுத்தால் என்ன? தீவகப் பாடசாலைகளுக்கு நியமனம் கிடைக்கிற ஆசிரியர்கள் பலர் விடிய யாழ்ப்பாணத்தில் பஸ் ஏறி மத்தியானம் திரும்பி ஓடுகினம். அவையைக் குறைசொல்லுற ஊர், அவைக்கு ஒரு வீடு திறந்து விட்டதா?

பூட்டின வீடு வாடகைக்காரருக்கு மட்டும் இழப்பில்லை. 2015 மே மாதம் புங்குடுதீவில் பாடசாலைக்குப் போன மாணவி ஒருவர் கடத்தப்பட்டுக் கொல்லப்பட்டார். குற்றத்துக்குப் பொறுப்பு குற்றவாளிகள், வெறும் வீடுகள் அல்ல. ஆனால் ஒரு பிள்ளை பள்ளிக்கூடம் போற வழியில் பத்து வீட்டில் எட்டு பூட்டி, பற்றை மூடிக் கிடந்தால் கூப்பிட்டால் கேட்க ஆளில்லை. என்னைப் போல ஒரு பெண் தனியாகத் தீவுக்குப் போய் இருக்கப் பார்க்கிறன் என்றால் அம்மா முதலில் கேட்பது வாடகையை அல்ல. "பக்கத்து வீட்டில ஆள் இருக்கோ?" அந்தக் கேள்விக்கு நான் தனியாக மறுமொழி சொல்ல ஏலாது. நாங்கள் ஐந்தாறு பேர் ஒரே ஒழுங்கையில் வீடு எடுத்தால் சொல்லலாம், அதனால்தான் இதை இங்கே எழுதுறன்.

வேலணையில் ஒரு வீடு பார்த்து வைத்திருக்கிறன். அம்மாவின் ஒன்றுவிட்ட சகோதரர் மூன்று பேரின் பெயரில் இருக்கு. கிணற்றுத் தண்ணி நல்லது, கூரையில் பாதி மாற்ற வேணும். ஐந்து வருடக் குத்தகை, கூரைச் செலவை வாடகையில் கழிக்கிறது, ஆறு மாத அறிவித்தலில் எழும்புறது என்று ஒரு பக்கத்தில் எழுதி ரொறன்ரோவில் இருக்கிற பெரியம்மாவுக்கு அனுப்பினேன். வாட்ஸப்பில் குரல் பதிவு வந்தது: "எனக்குப் பிரச்சினை இல்லைப் பிள்ளை, மாமாவைக் கேள்." சூரிச்சில் இருக்கிற மாமா இரண்டு கிழமை கழித்து எடுத்தார். நொத்தாரிசுச் செலவு யார் கட்டுறது என்று கேட்டார், நான் கட்டுறன் என்றேன், சரி என்றார். மூன்றாவது ஆள் பாரிஸ் சித்தி. அவவோடு மாமா கதைத்துப் பதினொரு வருடமாம். நம்பர் தேடிக்கொண்டிருக்கிறம்.