எந்தக் கம்ப்யூட்டரிலும் திறக்கும்!

தலைப்பிரசவத்துக்குக் கம்பத்திலிருந்து தேனியிலுள்ள தாய்வீட்டுக்குப் போகிறீர்களா, சகோதரி? பிறந்த குழந்தைக்கு 6, 10, 14-வது வாரங்களில் தடுப்பூசி உண்டு. பெரும்பாலும் அம்மா வீட்டில் இருக்கும்போதே அந்த நாட்கள் வந்துவிடும். தடுப்பூசிக்கான யூ-வின், பிறப்புச் சான்றிதழ், கரண்ட் பில் முகவரிகளோ புகுந்த வீட்டுக் கம்ப்யூட்டரில்!

திரையிலுள்ள 'ஷார்ட்கட்'டை பென் டிரைவில் போட்டுக்கொண்டு போனால், தம்பியின் லேப்டாப்பில் திறக்காமல் போகலாம். விண்டோஸ், மாக், லினக்ஸ் மூன்றும் ஷார்ட்கட்டை வெவ்வேறு விதமாக எழுதிவைப்பதே காரணம்.

இப்படிச் செய்யுங்கள். குரோமில் அந்தப் பக்கங்களை 'புக்மார்க்' செய்து, 'புக்மார்க் மேனேஜ'ரில் மூன்று புள்ளிகளைத் தொட்டு, 'எக்ஸ்போர்ட்' கொடுங்கள். ஹெச்.டி.எம்.எல். என்று முடியும் ஃபைல் ஒன்று கிடைக்கும். பென் டிரைவில் அதைக் கொண்டுபோனால் மூன்றிலுமே திறக்கும். முகவரிகள் வரிசையாகத் தெரியும். வேண்டியதை அழுத்தினால் போதும், இன்டர்நெட் மட்டும் இருக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை: நீங்கள் புக்மார்க் செய்த எல்லா முகவரிகளும் அதில் இருக்கும்; கண்டவர் கையில் கொடுக்காதீர்கள். பாஸ்வேர்டு அதில் வராது. நீங்களாகவும் எழுதிவைக்க வேண்டாம்.

என்ன இருந்தாலும், தடுப்பூசி அட்டையைக் கைப்பையில் வைக்க மறந்துவிடாதீர்கள்!