செவுள் சொல்லாத செய்தி

கோவளம் கரையில் மீன் வாங்குவோர் முதலில் செவுளைத் தூக்கிப் பார்ப்பர். சிவந்திருந்தால் புதியது, வெளிறியிருந்தால் பழையது. அழுகலை அறிய இவ்வழக்கம் பெரும்பாலும் போதும். ஆனால், நோய் தரும் நுண்ணுயிரைச் செவுளும் காட்டாது, மூக்கும் காட்டாது. கடல்நீரில் இயல்பாகவே வாழும் விப்ரியோ பாராஹெமோலிட்டிகஸ் நாற்றமோ நிறமாற்றமோ இன்றிப் பெருகக்கூடியது. 1950இல் ஜப்பானின் ஒசாகாவில் அரையுலர்ந்த சிறுமீனை உண்டு 272 பேர் நோயுற்று, 20 பேர் இறந்தபோதுதான் மருத்துவ உலகம் அதனை அறிந்தது. 1996இல் கொல்கத்தாவில் கண்டறியப்பட்ட அதன் ஒரு வகை பின்னர்ப் பல நாடுகளுக்குப் பரவிற்று.

நுண்ணுயிரைத் தட்டில் வளர்த்து உறுதிசெய்யச் சில நாள்கள் ஆகும். அதற்குள் மீன் குழம்பாகி, பாத்திரமும் கழுவப்பட்டிருக்கும். மின்னளவீட்டு முறை அந்நாள்களை மணிகளாகக் குறைக்கிறது. உணவின் ஒரு சிறு பகுதியைச் சத்துநீரில் கரைத்து, இளஞ்சூட்டில் வைத்து, இரு மின்முனைகளிடையே மிக மெல்லிய மாறுமின்னோட்டத்தைச் செலுத்துவர். நுண்ணுயிர்கள் புரதத்தையும் சர்க்கரையையும் சிதைத்து, மின்னூட்டமுள்ள சிறு பொருள்களாகவும் அமிலங்களாகவும் மாற்றுவதால், நீர்மம் மின்சாரத்தை முன்னிலும் எளிதாகக் கடத்தும். மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ பத்து இலட்சம் முதல் ஒரு கோடி நுண்ணுயிர்கள் சேர்ந்ததும் அம்மாற்றம் கருவியில் தெரியும். தொடக்கத்தில் எவ்வளவு மிகுதியோ, அவ்வளவு விரைவில் தெரியும். இக்கருத்து புதிதன்று, ஜி. என். ஸ்டுவர்ட் 1899இலேயே இதனை எழுதிவைத்தார்.

வெளிநாட்டுக்குச் செல்லும் இறால் ஆய்வும் சான்றும் பெற்றே கப்பலேறுகிறது. பிள்ளை பெற்றவளுக்கென வீட்டிலிருந்து வரும் பால்சுறாப் புட்டுக்கு அத்தகைய காவல் ஏதுமில்லை. இந்த ஏற்றத்தாழ்வு முறையன்று. நலமான ஒருவரை இரண்டு நாள் வருத்தும் வயிற்றுப்போக்கு, புற்றுநோய் மருந்து பெறுபவரையோ ஈரல் கெட்டவரையோ உயிராபத்தில் தள்ளலாம். எனவே இக்கருவிகள் ஏற்றுமதி ஆலைகளோடு நில்லாமல், மருத்துவமனைச் சமையற்கூடங்களுக்கும் மீன் இறங்குதளங்களுக்கும் வரவேண்டும் என்பது என் கருத்து.

குறைகளும் உள. கடல்சார் நுண்ணுயிரை வளர்க்க உப்புநீர் வேண்டும். உப்பே மின்சாரத்தை நன்கு கடத்துவதால் சிறு மாற்றம் அதில் மறைந்துவிடும். தனிச் சத்துநீர் இல்லையேல், வளர்ந்தது எந்த நுண்ணுயிர் என்றும் கருவி சொல்லாது. வெயிலில் கிடந்த சூரையிலும் கானாங்கெளுத்தியிலும் உண்டாகும் ஹிஸ்டமினையும் அது காணாது. சமைத்தாலும் அந்நஞ்சு போகாது.

ஆகவே, உடனிருந்து பேணுவோர் கருவி வரும்வரை காத்திருக்க வேண்டா. மீனை வாங்கியவுடன் பனிக்கட்டியில் இடுங்கள். உள்ளும் வெந்த பின்னரே இறக்குங்கள். பச்சை மீன் அரிந்த அரிவாள்மனையில் வெங்காயம் அரியாதீர்கள். சமைத்து இரண்டு மணி நேரம் வெளியில் இருந்ததை நோயாளிக்குத் தராதீர்கள். அதன் பின்னும் வயிற்றுப்போக்கு கண்டால், என்ன உண்டார், எப்போது உண்டார் என்பதைச் செவிலியரிடம் மறைக்காமல் கூறுங்கள். வீட்டுணவு கொடுத்ததற்குக் கண்டிப்பார்களோ என்று பலர் வாய் திறப்பதில்லை. எந்தச் சோதனைக்கு அனுப்புவது என்று மருத்துவர் முடிவெடுக்க முதலில் தேவைப்படுவது அவ்விவரமே.