சிந்த்ரா மலை கூறும் செய்தி

அரண்மனைகளைக் காணச் செல்வோர் பெரும்பாலும் இரண்டு உணர்வுகளோடு திரும்புவர். ஒன்று வியப்பு, மற்றொன்று, இத்துணைச் செல்வத்தை ஒரு குடும்பத்தின் இன்பத்திற்காகக் கொட்டினரே என்னும் கசப்பு. போர்ச்சுகல் நாட்டில், லிஸ்பன் நகருக்கு மேற்கே, சிந்த்ரா மலைமீது நிற்கும் பெனா அரண்மனையைக் கண்டு இறங்கியபோது, நம் நெஞ்சில் மூன்றாவதாக ஒரு வினாவும் எழுந்தது. ஒரு மக்களை வெளியேற்றிய மண், பின்னாளில் அம்மக்களின் கலையைப் போற்றுமாயின், அப்போற்றுதலின் பொருள் யாது?

அட்லாண்டிக் கடலின் ஈரக்காற்று மோதி, மூடுபனி தவழும் மலை அது. பனி விலகும்போது, செந்நிறமும் மஞ்சள் நிறமுமாக அரண்மனை வெளிப்படுகிறது. செந்நிறப் பகுதி, மன்னர் முதலாம் மானுவேல் 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் துறவியருக்காகக் கட்டிய மடம். அது 1755இன் பெருநிலநடுக்கத்தில் சிதைந்தது. 1834இல் துறவற சபைகள் கலைக்கப்பட்டபின் ஆளற்றுக் கிடந்தது. 1838இல் அதனை விலைக்கு வாங்கியவர், அரசி இரண்டாம் மரியாவின் கணவரும் ஜெர்மானிய இளவரசருமான இரண்டாம் பெர்டினாந்து. இடிபாட்டை அகற்றிவிட்டுப் புதிதாகக் கட்டுவது அவருக்கு எளிதாகவே இருந்திருக்கும். அவரோ சிற்றாலயத்தையும் முற்றத்தையும் காத்து, அவற்றை ஒட்டியே மஞ்சள் நிறப் புதுமாளிகையை எழுப்பினார். அதற்குத் துணைநின்ற எஷ்வேகே என்பவர் சுரங்கப் பொறியாளர் என்பது சுவையான செய்தி.

அம்மாளிகையில் குவிமாடங்களும் குதிரைலாட வளைவுகளும் மூர் மக்களின் கலையை நினைவூட்டுகின்றன. சுவர்களில் ஒளிரும் வண்ண ஓடுகளைப் போர்ச்சுகீசியர் 'அசுலேஜு' என்கின்றனர். அச்சொல்லே அரபு மொழியின் கொடை. ஆனால் மடத்தைக் கட்டிய அதே மானுவேல்தான், யூதரும் முஸ்லிம்களும் நாட்டை விட்டு நீங்க வேண்டுமென 1496 டிசம்பரில் ஆணையிட்டவர். 1498இல் கோழிக்கோட்டுக் கரையை அடைந்த வாஸ்கோடகாமாவை அனுப்பியவரும் அவரே. ஒரு மன்னர் மனிதரை வெளியேற்றினார். மூன்றரை நூற்றாண்டு கடந்து, மற்றொருவர் அம்மனிதரின் வளைவுகளைத் தம் மாளிகையில் அமைத்துக்கொண்டார். மனிதர் இல்லாத இடத்தில் அவர்தம் அழகை மட்டும் வைத்துக்கொள்வது எளிது. உயிரோடு அண்டை வீட்டில் வாழ்பவரை மதிப்பதே அரிது.

ஆயினும் பெர்டினாந்தை அழகு நாடும் செல்வராக மட்டும் கொண்டால் அது நேர்மையாகாது. அண்மையிலுள்ள குன்றில், முஸ்லிம்கள் ஆண்ட காலத்தில் எழுந்த கோட்டை ஒன்று உள்ளது. 1147இல் லிஸ்பன் வீழ்ந்தபின் அக்கோட்டையும் அபோன்சு என்ரிக்கெசு மன்னரின் வசமாயிற்று. காலப்போக்கில் பாழடைந்த அதன் மதில்களைச் சீரமைத்தவரும் பெர்டினாந்தே. அப்பணியின்போது பழைய இடுகாட்டின் எலும்புகள் வெளிப்பட்டன. அவை முஸ்லிம்களுடையவையா, கிறித்தவர்களுடையவையா எனப் பிரித்தறிய இயலவில்லை. அவற்றையெல்லாம் ஒரே கல்லறையில் அடக்கம் செய்து, கல்லில் பிறையையும் சிலுவையையும் ஒருங்கே பொறிக்கச் செய்தார். அரண்மனையின் கோபுரங்களைவிட அந்தச் சிறு கல்லையே நாம் உயர்வாகக் கருதுகிறோம். கோட்டையைத் தம் கற்பனைக்கேற்ப மாற்றினார், உறங்கியோரின் அமைதியைக் கலைத்தார் என்னும் குறை அவர்மீது உண்டு. அக்குறைக்கு ஈடுசெய்யும் பணிவும் அக்கல்லில் உண்டு.

மாளிகையைச் சூழ்ந்த பூங்காவும் இவ்வாறே பேசுகிறது. பாறையும் புதரும் நிறைந்திருந்த மலைச்சரிவில் வட அமெரிக்காவின் செக்குவாயா, ஜப்பானின் கிரிப்டோமேரியா, ஆசியாவின் கமேலியா, ஆஸ்திரேலிய நியூசிலாந்து மரப்பெரணிகள் யாவும் இன்று ஒரே நிழலில் நிற்கின்றன. தாம் நட்ட மரங்கள் வானளாவ வளர்ந்ததைக் காண நட்டவர் இல்லை. அவர் 1885இல் மறைந்தார். 1889இல் அரசு அச்சொத்தை வாங்கியது; 1910இல் முடியாட்சி நீங்கிக் குடியாட்சி மலர்ந்தது. ஒரு குடும்பத்தின் இன்பத்திற்கென எழுந்தது பொதுமக்களின் உடைமையாயிற்று. 1995இல் சிந்த்ராவின் பண்பாட்டு நிலக்காட்சி உலக மரபுச் சின்னமாக ஏற்கப்பட்டது.

பல பாணிகளின் கலவையே இம்மாளிகை, இதில் ஒருமை இல்லை என்பாரும் உளர். நாம் அதனை ஏற்கவில்லை. பழையதைச் செந்நிறத்திலும் புதியதை மஞ்சளிலும் காட்டி, எது எவருடையது என மறைக்காமல் நிற்பதே அதன் நேர்மை. முன்னோர் பணியை இடித்துத் தம் பெயரைப் பொறிப்போர் எந்நாட்டிலும் உண்டு. முன்னிருந்ததைக் காத்து அதனருகே தம்முடையதைச் சேர்ப்போர் சிலரே.

மாணவச் செல்வங்களே! வரலாற்றுச் சின்னங்களைக் காணச் செல்லும்போது கோபுரத்தின் முன் நிழற்படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடாதீர்கள். இங்கு முன்னர் வாழ்ந்தவர் யார், அவர்கள் எங்குச் சென்றனர் எனக் கேளுங்கள். அவ்வினாவைக் கேட்பவருக்கே கற்கள் வாய்திறக்கும். மறைந்தோரின் கலையைப் போற்றுவது பண்பு; நம்மோடு வாழ்வோரை அவர்கள் வாழும்போதே போற்றுவது அதனினும் பெரும்பண்பு. சிந்த்ரா மலை நமக்குக் கூறிய செய்தி இதுவே.