சிக்கல் யாருடையது?

சமீபத்தில் ஒரு கவிதைத் தொகுப்புக்கு எழுதப்பட்ட மதிப்புரையில், ஒரே பக்கத்தில் ஐந்து தடவை 'சிக்கலான' என்ற சொல் வந்திருந்தது. சிக்கலான அனுபவம், சிக்கலான மொழி, சிக்கலான வாழ்நிலை, சிக்கலான படிமம், கடைசியில் சிக்கலான கவிஞர். எழுதியவர் நண்பர்தான். நேரில் கேட்டேன். மனசில் 'காம்ப்ளெக்ஸ்' என்ற இங்கிலீஷ் வார்த்தையை வைத்துக்கொண்டு எழுதியதாகச் சொன்னார். மொழியைப் பற்றிச் சொன்ன இடத்திலுமா? "அங்கே 'கான்வல்யூட்டட்' என்று வைத்துக்கொள்ளுங்களேன். எல்லாம் ஒன்றுதானே" என்றார்.

இந்த 'எல்லாம் ஒன்றுதானே'க்கு எதிராகத்தான் இதை எழுதுகிறேன். முதல் சொல் பாராட்டு. இரண்டாவது குற்றச்சாட்டு. ஒரு கவிஞனை ஒரே மூச்சில் பாராட்டியும் குற்றம் சாட்டியும்விட்டு, இரண்டும் ஒன்றுதான் என்று சொல்கிற விமர்சகனுக்கு இங்கிலீஷும் தெரியவில்லை, தமிழும் தெரியவில்லை என்பதுகூடப் பெரிய விஷயமில்லை. கவிதையை அவன் படிக்கவில்லை என்பதுதான் விஷயம்.

இங்கிலீஷ்காரன் முறுக்கலுக்கும் கோணலுக்கும் ஒரு பெட்டி நிறையச் சொற்கள் வைத்திருக்கிறான். அதிகமும் லத்தீனிலிருந்தும் கிரேக்கத்திலிருந்தும் வந்தவை. 'சிம்பிள்' என்றால் மூலத்தில் ஒரே மடிப்பு. 'காம்ப்ளிகேட்டட்' என்றால் சேர்த்து மடித்தது. 'காம்ப்ளெக்ஸ்' பின்னுதலைக் குறிக்கும் வேரிலிருந்து வந்தது. மடிப்பும் பின்னலும் ஒன்றா? எட்டாக மடித்த புடவையை விரித்தால் அது புடவையாகவே இருக்கும். மடிப்பு போகும், அவ்வளவுதான். பாயைப் பிரித்துப் பாருங்கள். பாய் இருக்காது, கோரைதான் கையில் மிஞ்சும். விளக்கிச் சொன்ன பிறகும் மிஞ்சி நிற்கிற கவிதை ஒன்று; விளக்கியதுமே காணாமல் போய்விடுகிற கவிதை இன்னொன்று. இரண்டாவது மோசம் என்று நினைக்க வேண்டாம். அதை உரை எழுதித் தொடக்கூடாது, அவ்வளவே. எது எந்த வகை என்று சொல்வதுதான் மதிப்புரையாளனின் முதல் வேலை. அந்த வேலையைச் செய்யாமல் தப்பிக்கிற குறுக்குவழியாகத்தான் 'சிக்கலான' பயன்பட்டு வருகிறது.

'கான்வல்யூட்டட்' சேர்த்துச் சுருட்டியது. மூளையின் மேற்பரப்பிலுள்ள வளைவுகளுக்கும் இந்தச் சொல்தான். மூளைக்குச் சொன்னால் அது வர்ணனை. வாக்கியத்துக்குச் சொன்னால் எழுதியவன் மேல் புகார். 'டார்ச்சுவஸ்' இன்னும் கடுமை. அதன் வேரான முறுக்குதலிலிருந்துதான் சித்திரவதைக்கான 'டார்ச்சர்' வந்தது. சட்டத்தில் தீங்கைக் குறிக்கிற 'டார்ட்'டும் வந்தது. வளைந்து செல்லும் மலைப்பாதையை 'டார்ச்சுவஸ்' என்பதற்குப் பதில் 'டார்ச்சரஸ்' என்று எழுதிவிடுவது இங்கிலீஷ் பத்திரிகைகளில் சகஜமான தப்பு. அகராதிக்காரர்கள் கண்டிக்கிறார்கள். வேர் தப்புச் செய்தவன் பக்கம் இருக்கிறது. நம்மிடமும் 'மிறை' உண்டு: வளைவு என்றும் பொருள், துன்பம் என்றும் பொருள். சித்திரக்கவிக்கு மிறைக்கவி என்று பெயர் வைத்தவர்கள் யோசித்துத்தான் வைத்திருக்கிறார்கள். நாம்தான் அதைத் தமிழ் வித்வான்களிடம் விட்டுவிட்டு வந்தோம்.

இதற்காக இங்கிலீஷ் சொற்களுக்குக் கற்பூரம் காட்டச் சொல்லவில்லை. அந்தப் பெட்டியிலும் புழு உண்டு. 'பைஸன்டைன்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளலாம். சதியும் சுற்றுவழியும் நிறைந்த நிர்வாகத்துக்கு இன்று அது வசைச்சொல். கான்ஸ்டான்டிநோபிளில் 1453 வரை ஆண்டவர்கள் தங்களை ரோமர்கள் என்றே அழைத்துக்கொண்டார்கள். அவர்கள் ராஜ்யத்துக்கு பைஸாண்டியத்தின் பெயரை வழக்கமாக்கியவர்கள், அது விழுந்த பிறகு வந்த மேற்கு ஐரோப்பிய அறிஞர்கள். பிறகு 18ஆம் நூற்றாண்டில் கிப்பன் தன் சரித்திரத்தில் அந்த ராஜ்யத்தின்மீது கொட்டிய ஏளனம். தோற்றவனுக்கு வெளியாள் பெயரும் வைத்து, அந்தப் பெயரையே திட்டாகவும் ஆக்கியாயிற்று. அதே நகரம் யேட்ஸுக்கு 1928இல் வந்த தொகுப்பில் கலையின் பொன்னுலகம். ஒரு சொல்லுக்குள் ஒரு கவிஞனும் ஒரு குமாஸ்தாவும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். நம்மவர்கள் பத்திரிகையைப் படித்துவிட்டுக் குமாஸ்தா பக்கம் சேர்ந்துகொள்கிறார்கள்.

'லாபிரிந்த்' விஷயமும் அப்படித்தான். கிளை பிரிந்து ஆளைக் குழப்புவது 'மேஸ்'. ஷார்த்ர் தேவாலயத்தின் தரையில் 13ஆம் நூற்றாண்டில் பதித்த லாபிரிந்தில் ஒரே பாதைதான். எத்தனை முறை வளைந்தாலும் அது நடுவில் கொண்டுபோய் விட்டுவிடும், தொலையவே முடியாது. சுற்றவைத்து ஓர் இடத்தில் சேர்க்கும் கவிதை உண்டு. சுற்றவைத்துத் தெருவில் விட்டுவிடும் கவிதையும் உண்டு. கிரீட் தீவுக் கதையில் ஆரியாட்னி நூலுண்டை கொடுத்தாள். துப்புக்கு இங்கிலீஷில் சொல்கிற 'க்ளூ' அந்த நூலுண்டைக்கான பழைய சொல்தான். நம் கவிஞர்கள் பலர் சுவர்களைக் கட்டியிருக்கிறார்கள். நூல் எங்கே?

இங்கே ஹென்றி ஜேம்ஸைத் தொடாமல் போக முடியாது. அவருடைய பிற்கால வாக்கியங்களைப் பட்டாணியைப் பொறுக்கப் பாடுபடும் நீர்யானை என்று வெல்ஸ் 1915இல் கேலி செய்தார். நட்பு முறிந்தது. யார் சொன்னது சரி? 'சிக்கலான நடை' என்று சொல்லிவிட்டு இரண்டு பேரிடமும் கைகுலுக்குவது நம் வழி. நான் என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். 1904இல் வந்த 'தி கோல்டன் பௌல்' நாவலில் மேகிக்கு ஒன்று தெரிந்துவிடுகிறது. தெரிந்ததாகக் காட்டிக்கொண்டால் தகப்பனாரின் வாழ்வும் தன் வாழ்வும் இடிந்துவிடும். அங்கே வாக்கியம் சுற்றுவது அவள் சுற்றுவதால். அதை நிமிர்த்தினால் அவளுடைய மௌனம் போய்விடும். அது பின்னல். ஆனால் 1897 முதல் அவர் தட்டெழுத்தரிடம் வாயால் சொல்லி எழுதவைத்தார். பிற்பாடு தன் நாவல்களுக்கு எழுதிய முன்னுரைகள் சிலவற்றில் யாருக்கும் எந்த ஆபத்தும் இல்லாத இடத்திலும் அதே சுற்று. அது சுருட்டல். ஒரே ஆளிடம் இரண்டும் உண்டு. பிரித்துச் சொல்லத் துணிவு வேண்டும்.

இதற்கு நேர் எதிர் காஃப்கா. பிராகில் தொழிலாளர் விபத்து இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் 1908 முதல் 1922 வரை வேலை பார்த்தவன். அவன் வாக்கியம் ஆபீஸ் குறிப்பைப் போல நேரானது. கோணல் முழுக்க உலகத்தில் இருக்கிறது. அவன் பெயரில் இங்கிலீஷில் ஒரு அடைமொழி உண்டாக்கி, ரேஷன் வரிசைக்கும் ரயில் தாமதத்துக்கும் சேர்த்து ஒட்டிவிட்டார்கள். நம்மவர்கள் அவனைத் தலைகீழாகப் படித்திருக்கிறார்கள்: உலகம் நேராகத்தான் கிடக்கிறது, வாக்கியம் மட்டும் கோணல். மத்தியானத் தூக்கம் கலைந்த எரிச்சலுக்கு எட்டு உருவகங்கள்.

கேட்டால் எலியட்டைக் காட்டுவார்கள். இன்றைய நாகரிகத்தில் கவிஞன் கடினமாகத்தான் இருக்க முடியும் என்று அவர் 1921இல் சொன்னது உண்மை. காரணமும் சொன்னார்: அந்த நாகரிகத்தின் பன்மையும் பின்னலும் நுட்பமான மனசில் விழும்போது பன்மையும் பின்னலுமான விளைவுகளைத்தான் தரும் என்றார். முதலில் பன்மை, பிறகு நுட்பமான மனசு, அதன் பிறகுதான் கடினம். நம் ஆட்கள் முதல் இரண்டையும் தாண்டிக் குதித்து மூன்றாவதில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

எளிமைக் கட்சிக்காரர்கள் கைதட்டத் தேவையில்லை. அவர்கள் கையிலிருப்பது ஆர்வெல் 1946இல் எழுதிய கட்டுரை. அது கொலையை மறைக்கும் அரசியல் உரைநடையைப் பற்றியது. இலக்கிய மொழியைத் தான் எடுத்துக்கொள்ளவில்லை என்று அவரே கடைசியில் சொல்லிவிடுகிறார். அவ்வளவு தூரம் இவர்கள் படிப்பதில்லை. பாயைக் கோரையாக்கிக் கையில் கொடுத்து 'இதோ, எளிமை' என்பவர்கள் இவர்கள்.

நான் கேட்பது சின்ன விஷயம். 'சிக்கலான' என்று எழுதப் பேனா எடுக்கும்போது, சிக்கல் யாருடையது என்று ஒரு நிமிஷம் கேட்டுக்கொள்ளுங்கள். வாழ்க்கையுடையதா, கவிஞனுடையதா, அல்லது உங்களுடையதா? மடிப்பு, பின்னல், சுருள், திருகல், கோணல், மிறை என்று தமிழில் சொற்கள் கிடக்கின்றன. இடியாப்பச் சிக்கல் என்று சொல்லும் பெண்பிள்ளைக்குத் தான் எதைக் குறிக்கிறோம் என்று துல்லியமாகத் தெரியும். தலைவாரும்போது சிக்கு வேறு, பின்னல் வேறு என்பதும் அவளுக்குத் தெரியும். முதலாவதைப் பிரித்த பிறகுதான் இரண்டாவதைப் போடுகிறாள்.

கயிறு திரிக்கிறவன் ஒவ்வொரு முறுக்கையும் புரி என்கிறான். நாம் விளங்கினால் புரிந்தது என்கிறோம். இரண்டும் ஒரே வேரா என்ற ஆராய்ச்சிக்கு நான் போகவில்லை. ஆனால் மூன்று புரிக் கயிற்றில் கிணற்று வாளி மேலே வருகிறது. சிக்குப் பிடித்த கயிற்றில் வாளி பாதியில் நின்றுவிடும். நண்பரின் மதிப்புரையைப் படித்துவிட்டு நான் அந்தத் தொகுப்பை மறுபடி எடுத்துப் படித்தேன். அதில் நாலு கவிதைகள் மூன்று புரி. மற்றவை சிக்கு. நாலையும் மற்றவற்றையும் ஒரே சொல்லால் மூடிவிட்டதில் நஷ்டம் அந்த நாலுக்குத்தான்.