விசுவாசம் கேட்பவர் யார்?

2025 நவம்பரில் ரவீந்திர ஜடேஜாவை ராஜஸ்தான் ராயல்ஸுக்குக் கொடுத்துவிட்டு சஞ்சு சாம்சனை எடுத்துக்கொண்டது சென்னை சூப்பர் கிங்ஸ். அந்த வாரம் ஐயம்பேட்டை டீக்கடையில் இரண்டு தம்பிகள் சட்டையைப் பிடிக்காத குறையாகச் சண்டை போட்டார்கள்.

"2023 ஃபைனல்ல கடைசி ரெண்டு பால்ல பத்து ரன் அடிச்சு கப்பு வாங்கிக் குடுத்தவரு. அவரப் போயி வித்துட்டானுங்களே!"

"சாம்சன் மட்டும் யோக்கியனா? வளத்துவிட்ட டீம விட்டுட்டு வர்றான். நாளைக்கு நமக்கும் இதான் பண்ணுவான். துரோகி."

நானும் சென்னை ரசிகன்தான். ஆனால் அந்த இரண்டு சொற்களும் உறுத்தின. முதலாளி ஆளை மாற்றினால் 'விற்றுவிட்டான்' என்று வருத்தப்படுகிறோம், அதோடு அது வியாபாரமாகிவிடுகிறது. ஆள் முதலாளியை மாற்ற நினைத்தால் மட்டும் அவன் துரோகி. விசுவாசம் ஏன் எப்போதும் கீழே இருப்பவனிடமே கேட்கப்படுகிறது?

இதே ஜடேஜாவின் பழைய கதை பலருக்கு மறந்திருக்கும். 2008இல் அவர் ஐபிஎல்லுக்குள் வந்ததே ராஜஸ்தான் அணியில்தான். அந்த ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் வேறு அணியோடு பேசினார் என்பதற்காக 2010 சீசன் முழுக்கத் தடை விதித்தார்கள். அப்போது அவருக்கு 21 வயது. தானாகப் போக நினைத்தபோது தண்டனை. பதினைந்து ஆண்டு கழித்து அணிகளே பேசி, அவர் சம்மதத்தோடு, 18 கோடியை 14 கோடியாகக் குறைத்து அதே ராஜஸ்தானுக்கு அனுப்பினால் அதற்குப் பெயர் டிரேட்.

அதே 2010இல் அமெரிக்காவில் லெப்ரான் ஜேம்ஸ் என்ற கறுப்பினக் கூடைப்பந்து வீரர், ஒப்பந்தம் முடிந்தபின் கிளீவ்லாந்து அணியை விட்டு மயாமிக்குப் போனார். சட்டப்படி அவர் சுதந்திரமான ஆள். ஆனாலும் ரசிகர்கள் அவருடைய ஜெர்சியைக் கொளுத்தினார்கள். அணியின் வெள்ளைக்கார முதலாளி அவரை வசைபாடிப் பகிரங்கக் கடிதம் எழுதினார். தப்பியோடிய அடிமையைப் பார்ப்பதுபோல் அந்த முதலாளி அவரைப் பார்க்கிறார் என்று கண்டித்தார் கறுப்பினத் தலைவர் ஜெஸ்ஸி ஜாக்சன்.

லெப்ரானுக்கு இருந்த அந்த உரிமையும் யாரும் தானமாகக் கொடுத்ததில்லை. வீரர்கள் சங்கத்தின் தலைவராக இருந்த ஆஸ்கார் ராபர்ட்சன் என்ற கறுப்பின வீரர், ஒரு வீரரை ஒரே அணியோடு கட்டிப்போடும் விதியை எதிர்த்து 1970இல் வழக்குப் போட்டார். 1976இல் ஏற்பட்ட உடன்பாட்டில்தான் அந்தக் கதவு திறந்தது.

1976ஐ நாமும் நினைவில் வைக்க வேண்டும். இந்தியாவில் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டம் வந்த ஆண்டு அது. அடித்து வேலை வாங்குவது மட்டும் கொத்தடிமை முறை ஆகாது. முன்பணத்தைக் காட்டி வேறு வேலைக்குப் போகும் சுதந்திரத்தைப் பறிப்பதும் கொத்தடிமை முறைதான் என்கிறது அந்தச் சட்டம்.

இப்போது டீக்கடையிலிருந்து எழுந்து தறிக்கு வாருங்கள். காஞ்சிபுரம் வட்டாரத்துப் பட்டுத் தறிகளில் கூலிக்கு நெய்பவர்கள் முதலாளியிடம் முன்பணம் வாங்குவது காலங்காலமான வழக்கம். கல்யாணம், ஆஸ்பத்திரி, பிள்ளையின் ஃபீஸ் என்று எல்லாவற்றுக்கும் அந்தப் பணம்தான். கூலி கட்டுபடியாகவில்லை, வேறு இடத்துக்குப் போகலாம் என்றால் முதலில் பாக்கியைத் தீர்க்க வேண்டும். தீர்க்க முடியாதவரைப் புது முதலாளி பழைய பாக்கியைக் கட்டி எடுத்துக்கொள்வார். கடன் அப்படியே இருக்கும், கடன்காரர் மட்டும் மாறியிருப்பார். இதுவும் டிரேட்தான் தம்பி. இதற்கு ஏலமும் இல்லை, டிவியும் இல்லை.

"கோடி வாங்குகிறவனையும் கூலிக்கு நெய்கிறவரையும் ஒரே தராசில் வைப்பதா?" என்று கேட்பீர்கள். இருவர் வலியும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. ஜடேஜாவுக்கு அடுத்த வேளைச் சோற்றுக்குக் கவலை இல்லை. ஆனால் பணம் இந்தக் கேள்விக்குப் பதில் ஆகாது. ஆண்டுக்கு 90,000 டாலர் வாங்கிய கறுப்பின பேஸ்பால் வீரர் கர்ட் ஃபிளட், 1969இல் தன்னைக் கேட்காமல் வேறு அணிக்கு மாற்றியபோது, நான் வாங்கி விற்கும் பொருள் அல்ல என்று எழுதிக் கொடுத்துவிட்டு நீதிமன்றம் போனார். 1972இல் தோற்றார். அவரது ஆட்ட வாழ்க்கையே முடிந்துபோனது. புகழும் பணமும் இருந்தவருக்கே இந்தக் கதி என்றால், பாக்கி நோட்டில் பெயர் மட்டும் இருப்பவருக்கு என்ன கதி?

இன்னொரு தோழர் வேறு கேள்வி கேட்டார். 2021இல் தன்னை ராஜபுத்திரன் என்று ட்விட்டரில் பெருமையடித்த ஜடேஜாவுக்காக நாம் ஏன் வாய் திறக்க வேண்டும்? அந்தப் பெருமை எனக்கும் கசக்கிறது. ஆனால் நமக்குப் பிடித்தவருக்கு மட்டும் கிடைப்பது சலுகை. உரிமை என்றால் பிடிக்காதவருக்கும் சேர்த்துத்தான்.

நம் அரசியலின் அடிப்படையே விலகும் உரிமைதான். சாதி தொழிலை மட்டும் பிரிப்பதில்லை, தொழிலாளரையே பிரிக்கிறது, விரும்பிய தொழிலுக்கு மாறவிடாமல் தடுக்கிறது என்று 1936இல் எழுதினார் அம்பேத்கர். இந்துவாகச் சாகமாட்டேன் என்று 1935இல் இயோலாவில் அறிவித்து, 1956இல் நாக்பூரில் லட்சக்கணக்கான மக்களோடு வெளியேறிக் காட்டினார். அவரையும் துரோகி என்றவர்கள் உண்டு. சேரியிலிருந்து பட்டணத்துக்குப் போனவரை, பறையடிக்க மாட்டேன் என்றவரை, அப்பன் செய்த வேலைக்கு வர மறுத்த பிள்ளையை ஊர் என்ன சொல்லித் திட்டியது என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

அதனால் தம்பிகளே, மேட்ச் பாருங்கள், சண்டையும் போடுங்கள். சாம்சன் நம் அணிக்குச் சரிப்படுவாரா என்று விடிய விடியப் பேசுங்கள். ஆனால் ஒருவர் வேலையை மாற்றிக்கொண்டதற்காகத் துரோகி என்று சொல்லாதீர்கள். அது முதலாளிகளின் சொல்.

பேசி முடித்ததும் உங்கள் தெருவில் முன்பணத்தில் சிக்கியிருப்பவர் யார் என்று விசாரியுங்கள். அது கொத்தடிமைக் கடன் என்று நிலைநாட்டினால், திருப்பிக் கட்ட வேண்டியதில்லை என்கிறது 1976ஆம் ஆண்டுச் சட்டம். விடுவிக்கும் பொறுப்பு மாவட்ட நிர்வாகத்துடையது. மனு எழுத ஒரு வெள்ளைத்தாள் போதும். அதை எழுதிக் கொடுக்கும் படிப்பு உங்களிடம் இருக்கிறது.

ஜெய்பீம்.