முதலில் எர்த்... அப்புறம் யூ.பி.எஸ்.!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்குபவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். எந்த பிராசசர் வாங்கலாம்? ராம் 8 ஜிபி போதுமா, 16 ஜிபி வேண்டுமா? எந்த யூ.பி.எஸ். நல்லது? "எங்கள் வீட்டு பிளக் பாயிண்டில் எர்த் சரியாக இருக்கிறதா?" என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. கடைக்காரரும் சொல்வதில்லை. என்னைக் கேட்டால், கம்ப்யூட்டர் வீட்டுக்கு வரும் முன்பே கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்.

என் பக்கத்து வீட்டு நண்பர் தன் மகளின் படிப்புக்காக ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். இரண்டாம் நாளே என்னை அழைத்தார். "கேபினட்டைத் தொட்டா சுர்ருங்குது சார். பாப்பா கிட்டப் போகவே பயப்படுறா. பீஸ் மோசமா இருக்குமோ?" என்றார். கடைக்கு போன் செய்ததற்கு, "செருப்பு போட்டுக்கிட்டு உட்காரச் சொல்லுங்க" என்று பதில் வந்ததாம்!

போய்ப் பார்த்தேன். கம்ப்யூட்டரில் ஒரு குறையும் இல்லை. சுவரில் இருந்த சாக்கெட்டில் மூன்று ஓட்டைகள் இருந்தன. மேலே உள்ள பெரிய ஓட்டைக்குப் பின்னால் வயரே இல்லை!

இதனால் ஏன் ஷாக் அடிக்கிறது? கம்ப்யூட்டரின் எஸ்.எம்.பி.எஸ். உள்ளே, மின் இரைச்சலை வடிகட்ட சிறு கெபாசிட்டர்கள் வைத்திருப்பார்கள். ஒன்று பேஸுக்கும் கேபினட்டுக்கும் நடுவில் இருக்கும். இன்னொன்று நியூட்ரலுக்கும் கேபினட்டுக்கும் நடுவில் இருக்கும். எர்த் இருந்தால் இவற்றின் வழியே வரும் கொஞ்சநஞ்ச கரண்டும் மண்ணுக்குள் போய்விடும். எர்த் இல்லாவிட்டால், 230 வோல்ட்டில் ஏறக்குறைய பாதி கேபினட்டின் மீது வந்து நிற்கும். கரண்ட் மிகக் குறைவு என்பதால் எறும்பு கடித்த மாதிரி இருக்கிறது. மெட்டல் உடல் கொண்ட சில லேப்டாப்களைச் சார்ஜ் போட்டுத் தடவும்போது வரும் சிலிர்ப்பும் இதே வகைதான்.

"அப்படியானால் ஆபத்து இல்லையே" என்று நினைக்காதீர்கள். என்றாவது ஒரு நாள் உள்ளே இன்சுலேஷன் கெட்டு, பேஸ் வயர் நேராகக் கேபினட்டைத் தொட்டால் என்ன ஆகும்? எர்த் இருந்தால் அதிகக் கரண்ட் பாய்ந்து ஃபியூஸ் போகும் அல்லது எம்.சி.பி. விழும். எர்த் இல்லாவிட்டால் எதுவும் விழாது. முழு 230 வோல்ட்டும் உங்கள் பிள்ளையின் கைக்காகக் காத்துக் கொண்டிருக்கும். கம்ப்யூட்டர் எர்த் இல்லாமலும் ஓடும் என்பதுதான் இதில் உள்ள வம்பே. ஓடுகிறதே என்று விட்டுவிடுகிறோம்.

கதை இதோடு முடியவில்லை. நண்பர் அழைத்து வந்த எலக்ட்ரீஷியன், "அஞ்சு நிமிஷ வேலை சார்" என்று சொல்லி, சாக்கெட்டுக்குள்ளேயே நியூட்ரலிலிருந்து எர்த்துக்கு ஒரு சின்ன வயரைப் போடப் போனார். தடுத்து நிறுத்தினேன். அப்படிச் செய்தால் சுர்ரென்ற ஷாக் உடனே நின்றுவிடும். எல்லோருக்கும் சந்தோஷமாக இருக்கும். ஆனால் எங்காவது நியூட்ரல் வயர் கழன்றாலோ, பழைய வயரிங்கில் பேஸும் நியூட்ரலும் இடம் மாறினாலோ, கேபினட் முழுக்க 230 வோல்ட் வந்துவிடும். ஒன்றும் செய்யாமல் விடுவதைவிட இது மோசம். யார் சொன்னாலும் இதற்குச் சம்மதிக்காதீர்கள்.

ஸ்பைக் பஸ்டரும் யூ.பி.எஸ்.ஸும் காப்பாற்றாதா என்று கேட்பீர்கள். நல்ல ஸ்பைக் பஸ்டரில் உள்ள வேரிஸ்டர்கள், திடீரென்று வரும் அதிக வோல்ட்டேஜின் ஒரு பகுதியை எர்த் வயரில் தள்ளிவிடுகின்றன. எர்த்தே இல்லாவிட்டால் எங்கே தள்ளும்? விலை குறைந்த சிலவற்றில் சுவிட்சும் ஃபியூஸும் தவிர வேறு எதுவும் இருப்பதில்லை என்பது வேறு விஷயம். வீட்டு யூ.பி.எஸ்.ஸும் எர்த்தை உருவாக்குவதில்லை. சுவர் பிளக்கில் உள்ளதை அப்படியே கம்ப்யூட்டருக்குக் கடத்துகிறது, அவ்வளவுதான்.

ஆகவே பணத்தை எந்த வரிசையில் செலவு செய்யலாம்? என் கருத்து இது.

முதலில் எர்த். எர்த் குழியில் தொடங்கி, மெயின் போர்டு வழியாக, கம்ப்யூட்டர் பாயிண்ட் வரை பச்சை வயர் வந்திருக்க வேண்டும். கோடையில் குழிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். மண் காய்ந்தால் எர்த்தும் பலவீனமாகிவிடும்.

இரண்டாவது, 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. எம்.சி.பி. இருக்கும்போது இது எதற்கு என்று பலர் கேட்கிறார்கள். எம்.சி.பி. வயரைக் காப்பாற்றும். ஆளைக் காப்பாற்ற ஆர்.சி.சி.பி. வேண்டும். போகிற கரண்டும் திரும்பி வருகிற கரண்டும் ஒத்துப் போகாவிட்டால் கண் இமைக்கும் நேரத்தில் இது விழுந்துவிடும். எம்.சி.பி. விழாத அளவு எர்த் பலவீனமாக இருந்தாலும் இது கைகொடுக்கும்.

மூன்றாவது, ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள சாக்கெட், வயர். மூன்று பின் பிளக்கை இரண்டு பின்னாக மாற்றும் கன்வெர்ட்டரை வீட்டுக்குள்ளேயே விடாதீர்கள். எர்த் பின்னை மற்ற இரண்டையும் விட நீளமாகச் செய்திருப்பதே, அது முதலில் இணைந்து கடைசியில் பிரிய வேண்டும் என்பதற்காகத்தான்.

யூ.பி.எஸ். நான்காவதுதான். 600 வி.ஏ. என்றால் 600 வாட்ஸ் என்று நினைத்து விடாதீர்கள். பல மாடல்களில் அது 360 வாட்ஸ்தான். பெட்டியில் வாட்ஸ் கணக்கைப் பார்த்து வாங்குங்கள். லேசர் பிரிண்டரை யூ.பி.எஸ்.ஸில் மாட்டாதீர்கள். அது சூடாகும்போது இழுக்கும் கரண்டைச் சின்ன யூ.பி.எஸ். தாங்காது.

எர்த் இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? எலக்ட்ரீஷியன்கள் பேஸுக்கும் எர்த்துக்கும் இடையே ஒரு பல்பைப் போட்டுக் காட்டுவார்கள். எரிந்தால் போதும் என்று இருந்துவிடாதீர்கள். நியூட்ரலிலிருந்து திருட்டு வயர் போட்டிருந்தாலும் அந்த பல்பு எரியும். மெயினை ஆஃப் செய்து, சாக்கெட்டைக் கழற்றி, பச்சை வயர் எங்கிருந்து வருகிறது என்று காட்டச் சொல்லுங்கள். இந்த வேலையை நீங்களே செய்ய வேண்டாம். அவர் செய்யும்போது பக்கத்தில் நின்று பாருங்கள்.

வாடகை வீடா? வீட்டுக்காரரிடம் தயங்காமல் கேளுங்கள். எர்த் இல்லாத வீட்டில் ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும் இதே ஆபத்தோடுதான் ஓடுகின்றன. கம்ப்யூட்டர் சுர்ரென்று சொல்லிக் காட்டிக் கொடுத்தது என்று வைத்துக் கொள்ளுங்களேன்!

நண்பர் வீட்டில் மெயின் போர்டு வரை நல்ல எர்த் இருந்தது. ஹாலுக்கு மட்டும் இழுக்காமல் விட்டிருந்தார்கள். அரை நாள் வேலை. அவர் வாங்கிய யூ.பி.எஸ்.ஸின் விலையில் பாதிகூடச் செலவாகவில்லை. இப்போது பாப்பா செருப்பில்லாமல்தான் உட்கார்ந்து படிக்கிறாள். உங்கள் வீட்டு சாக்கெட்டின் அந்தப் பெரிய ஓட்டைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று இந்த வாரமே பார்த்துவிடுங்கள்.