தெளிப்பான் பேட்டரியே போதும்

ஸ்ரீபெரும்புதூரில் 2006 முதல் 2014 வரை நோக்கியா ஆலை கைப்பேசிகளைத் தயாரித்தது. இன்று ஒரகடம் பகுதி விவசாயிகளுக்கு, வயல் மோட்டாரை இயக்கவும் கைப்பேசியே துணை. வயலில் சார்ஜ் தீர்ந்தால் என்ன செய்வது?

பழைய லித்தியம் செல்களை இணைத்து வீட்டிலேயே சார்ஜர் செய்யலாம் என்பாரும் உளர். அதை நான் ஏற்கவில்லை. பாதுகாப்புச் சர்க்யூட் இன்றி 4.2 வோல்ட்டுக்கு மேல் சார்ஜ் ஏறினால், இச்செல்கள் சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். குழந்தைகள் உறங்கும் வீட்டில் இது வேண்டாத விஷப்பரீட்சை.

கைத்தெளிப்பானிலுள்ள 12 வோல்ட், 8 ஆம்பியர்-மணி ஈய-அமில பேட்டரியே போதுமானது. அதன் நேர்முனைக் கம்பியில் 3 ஆம்பியர் ஃபியூஸ் பொருத்தி, கார்களில் பயன்படும் 5 வோல்ட் சார்ஜரை இணைக்கவும். பாதிக் கொள்ளளவிலேயே கைப்பேசியை இருமுறை சார்ஜ் செய்யலாம். மருந்து பட்ட கையுடன் மட்டும் தொடாதீர்கள்.